திருவையாற்றுக்கு நேர் வடக்கே: சாட்டிலைட் படத்தில் பனியாற்றின் எல்லை வரையப் பழகுவது எப்படி

வரைபடத்தில் திருவையாற்றின் மேல் விரலை வைத்து நேர் வடக்கே நகர்த்திக்கொண்டே போனால், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தாண்டி கோமுக்கில் போய் நிற்கும். கங்கோத்ரிப் பனியாறு முடிந்து பாகீரதி ஆறாக வெளியே வருகிற இடம் அது. திருவையாறு 79.10 பாகை கிழக்கு, கோமுக் 79.08. இதை வேடிக்கைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகை ஆறு பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கிற யூடிஎம் முறையில், இரண்டு இடமும் 44 வடக்கு என்ற ஒரே மண்டலத்துக்குள் வருகின்றன. நம் ஊர் ஏரி ஒன்றை அளக்கக் கணினியில் செய்துவைத்த அமைப்பை அப்படியே கங்கோத்ரிக்கும் வைத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி போகப்போகிற பாதையும் அதுதான். முதலில் வீராணம், அடுத்து வேதாரண்யம், அதற்கப்புறம்தான் இமயமலை.

காவிரி பனி உருகி வருகிற ஆறு இல்லையே, டெல்டாக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடகில் பெய்கிற மழைதான் நம் வாய்க்காலுக்கு வருகிறது. ஆனால் உலகப் பனியாறுகள் 2000 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 273 பில்லியன் டன் பனியை இழந்திருக்கின்றன. அதனால் மட்டும் கடல்மட்டம் சுமார் 18 மில்லிமீட்டர் ஏறியது. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் தரை எவ்வளவு தாழ்வு என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். இன்னொரு காரணம், பனியாற்றுக்குக் கற்கிற அதே வேலைதான் வெள்ளம், ஏரி, கடலரிப்பு, பயிர்ப் பரப்பு எல்லாவற்றுக்கும் உதவப்போகிறது. புவியியலோ கணினியோ படித்துவிட்டுத் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்தபடி கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை குறைவு.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இதில் சின்னப் பகுதி. எந்தத் தேதிப் படத்தை எடுக்கிறீர்கள், படத்தில் இருப்பது என்ன என்று உங்கள் கண் எவ்வளவு பழகியிருக்கிறது, இந்த இரண்டில்தான் வேலையே இருக்கிறது. அந்தக் கண்ணை நேரில் போய்ச் சரிபார்க்க முடிகிற இடத்தில் பழக்குவது புத்திசாலித்தனம்.

முதலில் வேண்டியவை

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். கியூஜிஐஎஸ், வரைபட வேலைக்கான இலவச மென்பொருள். நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், புதுப் பதிப்பின் பின்னால் ஓட வேண்டாம். ஐரோப்பிய சென்டினல் படங்களுக்கு கோபர்நிக்கஸ் பிரவுசரில் ஒரு கணக்கு, அமெரிக்க லேண்ட்சாட் படங்களுக்கு யூஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்புளோரரில் ஒரு கணக்கு. இரண்டுக்கும் காசு இல்லை. லேண்ட்சாட் படங்கள் முழுவதும் 2008இல் இலவசமான பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவு திறந்தது.

சென்டினல் 2 படம் ஒன்று 1 ஜிபி வரை வரும். மொபைல் டேட்டாவில் பத்துப் படத்தை இறக்கிவிட்டு எது நல்லது என்று பார்க்கக் கூடாது. பிரவுசரிலேயே பெரிதாக்கிப் பார்த்து, வேண்டிய ஒன்றை மட்டும் இரவில் இறக்குங்கள். இணையத்திலேயே நிரல் எழுதிப் படங்களைக் கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்ஜின் தெரிந்தவர்கள் இறக்காமலே வேலையை முடித்துவிடுவார்கள். ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் நிரல் ஓடும், படம் வரும், ஏன் அப்படி வந்தது என்பது மட்டும் புரியாது. முதல் பனியாற்றைக் கையால் செய்யுங்கள்.

எந்தச் சாட்டிலைட் எதற்கு என்று சுருக்கமாக: இன்றைய நிலைக்கு சென்டினல் 2. இது 2015 முதல் இருக்கிறது. தெளிவு 10 மீட்டரும் 20 மீட்டரும், அதாவது படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் அவ்வளவு அகலம். பழைய நிலையோடு ஒப்பிட லேண்ட்சாட். 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5 முதல் இன்றைய 8, 9 வரை 30 மீட்டர் தெளிவில் தொடர்ச்சியாகப் படம் உண்டு. நடுவில் லேண்ட்சாட் 7 மட்டும் 2003 மே 31க்குப் பிறகு கோடு கோடாக வெற்றிடத்தோடு வரும். கருவியில் ஒரு பாகம் பழுதாகிவிட்டது. வேறு வழி இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

வீராணத்தில் பனி

இப்போது முதல் பயிற்சி. மாசி, பங்குனியில் டெல்டா வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அந்த மாதத்தில் ஏரியில் தண்ணீர் இருக்கிற ஒரு படத்தைத் தேடி, வீராணமும் கீழணையும் சேர்ந்து தெரிகிறபடி எடுங்கள். லெவல் 2ஏ என்று போட்டிருக்கிற படமாக இருக்கட்டும். காற்று மண்டலத்தின் பாதிப்பைக் கழித்துத் தருவது அது. இறக்கிய கோப்புக்குள் 10, 20, 60 மீட்டர் என்று மூன்று உறை இருக்கும். 20 மீட்டர் உறையைத் திறங்கள். நமக்கு வேண்டிய எல்லா பேண்டும் (ஒளியின் ஒரு பகுதியை மட்டும் பதிவுசெய்த தனித்தனிப் படங்கள்) அதற்குள் ஒரே அளவில் இருக்கின்றன: பி03 பச்சை, பி04 சிவப்பு, பி8ஏ அண்மை அகச்சிவப்பு, பி11 குறுவலை அகச்சிவப்பு. 10 மீட்டர் உறையிலிருந்து ஒன்று, 20 மீட்டர் உறையிலிருந்து ஒன்று என்று கலந்து எடுத்துவிட்டு பிக்சல் பொருந்தவில்லை என்று தலையைச் சொறிய வேண்டாம்.

கியூஜிஐஎஸ்ஸில் புதுப் ப்ராஜெக்ட் திறந்து, கீழே வலது மூலையில் யூடிஎம் 44 வடக்கின் எண்ணான ஈபிஎஸ்ஜி 32644 என்று அமைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேண்டையும் உள்ளே இழுத்துப் போடுங்கள். ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து பனிக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். பிக்சல் எண்ணைப் பிரதிபலிப்பாக மாற்றுகிற வழி அடுத்த பகுதியில் வருகிறது, அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அதன் பெயர் என்டிஎஸ்ஐ. சூத்திரம் எளிது: பச்சையிலிருந்து குறுவலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பனி பச்சை ஒளியைப் பளீரென்று திருப்பி அனுப்பும், குறுவலை அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதனால் பனி இருக்கும் இடத்தில் விடை 1ஐ நோக்கி ஏறும். 0.4க்கு மேல் வந்தால் பனி என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் வரம்பு.

சரி, விடையைப் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பனியாறு! வீராணம் ஏரி முழுக்க 0.4ஐத் தாண்டி நிற்கும். காரணம், தண்ணீரும் குறுவலை அகச்சிவப்பை விழுங்கும். தண்ணீரைக் கண்டுபிடிக்க வேறு பெயரில் புழங்குகிற ஒரு குறியீட்டின் சூத்திரமும் எழுத்துக்கு எழுத்து இதேதான். இந்தப் பாடத்தைக் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் போய், ஏரிக்கரையில் நின்று உறுதி செய்துகொள்ளலாம் என்பதால்தான் இங்கே தொடங்கச் சொன்னேன். இமயமலையில் இதே தப்பு பனியாற்றின் முன்னால் இருக்கிற ஏரியில் நடக்கும். அங்கே போய்ப் பார்க்க முடியாமல், ஏரியையும் சேர்த்துப் பனியாறு நீண்டுவிட்டது என்று எழுதிவிடுவோம்.

இதற்கு மருந்து அண்மை அகச்சிவப்பு. தண்ணீர் அதையும் விழுங்கிவிடும், பனி விழுங்காது. ஆகவே என்டிஎஸ்ஐ 0.4க்கு மேல் இருக்க வேண்டும், கூடவே அண்மை அகச்சிவப்புப் பிரதிபலிப்பு 0.11க்கு மேலும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போடுங்கள். வீராணம் மறைந்துவிடும்.

இப்போது படத்தைத் தெற்கே நகர்த்தி வேதாரண்யம் உப்பளத்துக்குப் போங்கள். அதற்கு வேறு படம் இறக்க வேண்டியிருக்கும். உப்பு வாருகிற மாதமாகப் பார்த்து எடுங்கள். ஈர உப்பு வெள்ளையாக, பச்சையிலும் அண்மை அகச்சிவப்பிலும் பிரகாசமாக, குறுவலையில் இருட்டாக இருக்கும். இரண்டு நிபந்தனையையும் தாண்டி அங்கங்கே பனி என்று நிற்கக்கூடும். வேதாரண்யத்தில் பனி பெய்யாது என்று கணினிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இடத்தைப் பற்றிய அந்த அறிவைச் சூத்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்தைக் கழிக்க மறக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும். சென்டினல் 2 படத்தில் பிக்சலில் இருப்பது நேரடிப் பிரதிபலிப்பு அல்ல. 10,000ஆல் வகுக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். 2022 ஜனவரி 25 முதல் வெளியாகும் படங்களில் அதற்கு முன் 1,000ஐக் கழிக்கவும் வேண்டும். இது பலருக்குத் தெரியாது. அழுக்குப் பனிக்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சையில் 3,500, குறுவலையில் 1,800 என்று இருக்கிறது. அப்படியே சூத்திரத்தில் போட்டால் 1,700ஐ 5,300ஆல் வகுக்கிறோம், விடை 0.32. பனி இல்லை என்று கணினி தள்ளிவிடும். இரண்டிலும் 1,000 கழித்தால் பகுதி 3,300 ஆகிறது, விடை 0.52. பனி! ஒரே பிக்சல், ஒரே நாள். 2018 படத்தையும் 2024 படத்தையும் ஒரே மாதிரி கணக்கிட்டு, ஆறு வருடத்தில் பனியாறு சுருங்கிவிட்டது என்று அறிக்கை எழுதினால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பங்கு இந்த ஆயிரம்தான். பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால் படம் எடுத்த தேதியை மட்டும் நம்பாமல், கோப்புப் பெயரில் பதப்படுத்திய பதிப்பு எண்ணைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும்.

லேண்ட்சாட்டுக்கு வேறு கணக்கு. இரண்டாம் தொகுப்பு, இரண்டாம் லெவல் படத்தின் எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். பேண்ட் எண்ணும் மாறும்: லேண்ட்சாட் 8, 9இல் பச்சை 3, அண்மை அகச்சிவப்பு 5, குறுவலை 6. லேண்ட்சாட் 5இல் அவையே 2, 4, 5. ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிடுங்கள்.

தேதி

இனி கங்கோத்ரி. கோபர்நிக்கஸ் பிரவுசரில் கோமுக்கைத் தேடிப் போனதும் எந்த மாதம் என்ற கேள்வி வரும். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை. மலை முழுக்க மேகம். தை, மாசியில் எல்லாமே வெள்ளை. எது பனியாறு, எது நேற்றுப் பெய்த பனி என்று பிரிக்க முடியாது. கோடையில் உருகி முடிந்து, அடுத்த குளிர்காலப் பனி விழுவதற்கு முன்னால் சில வாரம்தான் பனியாறு தன் சொந்த உருவத்தில் கிடக்கும். நம் கணக்கில் புரட்டாசி. ஐப்பசி முதல் வாரம் வரை தள்ளலாம். நமக்கு அடைமழை பிடிக்கிற நேரத்தில் அங்கே வானம் வெளுத்திருக்கும். ஆனால் ஐப்பசி போகப் போக வெயில் சாய்ந்து, மலைச்சுவர்களின் நிழல் பனியாற்றின் மேல் நீளும். நிழலில் விழுந்த பனியை அந்த 0.11 நிபந்தனை தின்றுவிடும். அதனால் நான் செப்டம்பர் பின்பாதியைத்தான் முதலில் தேடுவேன்.

பனி புதிதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. பனியாற்றைப் பார்க்காதீர்கள். அதற்கு வெளியே, இரு பக்கத்துச் சரிவுகளையும் முகடுகளையும் பாருங்கள். அங்கே ஓடைப் பள்ளமெல்லாம் வெள்ளையாக இருந்தால் நேற்றோ முந்தாநாளோ பனி விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. அந்த வருடம் நல்ல படமே இல்லையென்றால் அடுத்த வருடத்துப் படத்தை எடுத்து, தேதியை அப்படியே குறிப்பிடுங்கள். பழைய டோப்போ ஷீட்டுகளில் (நில அளவை வரைபடங்களில்) பருவப்பனியையும் பனியாறாகச் சேர்த்து வரைந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால் நடக்காத சுருக்கமும் நடந்ததாகத் தெரியும்.

மேக விழுக்காட்டு வடிகட்டியையும் முழுசாக நம்ப வேண்டாம். அது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சதுரத்துக்கான மொத்தக் கணக்கு. உங்கள் பனியாறு தெளிவாக இருந்து, மூலையில் மேகம் இருக்கலாம். பனியையே மேகம் என்று எண்ணிவிடுவதும் உண்டு. வடிகட்டியை 60 விழுக்காடு வரை தளர்த்திவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. கண்ணால எப்படிப் பிரிக்கிறது?" இயல்பான நிறத்தில் பார்த்தால் பிரிக்க முடியாதுதான். பி11, பி8ஏ, பி04 மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீல இடத்தில் வையுங்கள். பனி நீலப்பச்சையாகத் தெரியும். சாதாரண மேகம் வெள்ளையாகவே நிற்கும். காடு பச்சை, பாறை பழுப்பு. மெல்லிய உயர்மேகம் மட்டும் பனிக்கட்டித் துகளால் ஆனது என்பதால் கொஞ்சம் ஏமாற்றும். அதற்குப் பக்கத்துத் தேதிப் படம் ஒன்றைத் திறந்து ஒப்பிட்டால் போதும். மேகம் நகர்ந்திருக்கும், பனியாறு நகர்ந்திருக்காது.

வெள்ளைப் பகுதி

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். வீராணத்தில் செய்த இரண்டு நிபந்தனையையும் கங்கோத்ரிப் படத்தில் போடுங்கள். 0.11ஐ 10,000ஆல் பெருக்கி, கழிக்க வேண்டிய 1,000ஐச் சேர்த்தால், படத்தின் மூல எண்ணில் அண்மை அகச்சிவப்பு வரம்பு 2,100 ஆகும். கிடைக்கிற 0, 1 படத்தில் சிதறிக் கிடக்கும் ஒற்றைப் பிக்சல்களை சீவ் கருவியால் நீக்கி, பாலிகனைஸ் கருவியால் கோடாக மாற்றுங்கள். 0.01 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைத் தூக்கிவிடலாம். உலகப் பட்டியல்களிலும் அதுதான் கீழ் வரம்பு. 0.4 என்பது வேதவாக்கு இல்லை. 0.35, 0.45 இரண்டையும் போட்டுப் பார்த்து, எது கண்ணுக்குத் தெரிகிற விளிம்போடு பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பிடப்போகிற எல்லாப் படங்களிலும் ஒரே முறையில் தேர்ந்தெடுங்கள்.

கல் மூடிய நாக்கு

இங்கேதான் நேரம் போகும். கங்கோத்ரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். நாக்கு என்று சொல்கிற அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. அடியில் இருப்பது பனிக்கட்டிதான். ஆனால் சூத்திரத்துக்குத் தெரிவது பாறை. நீங்கள் இப்போது வரைந்த கோடு கோமுக்குக்குப் பல கிலோமீட்டர் மேலேயே நின்றுவிட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, 'கங்கோத்ரி பாதியாகிவிட்டது' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியைத் தானாக வரையும் வழிகள் உண்டு. எதுவும் முழுசாகக் கைகொடுக்காது. புதியவர் கையால்தான் வரைய வேண்டும். எதைப் பார்த்து வரைவது? படத்தை முடிந்த அளவு பெரிதாக்கி, 10 மீட்டர் உறையிலிருக்கும் பேண்டுகளைத் திறந்துகொள்ளுங்கள். ஆறு எங்கே திடீரென்று தொடங்குகிறது என்று பாருங்கள். பாகீரதியின் வெளிறிய நீர்க்கோட்டைப் பிடித்து மேலே ஏறினால் ஓரிடத்தில் அது அறுந்துபோகும். அந்த இடம் முகப்பு. அங்கே பனிக்கட்டிச் சுவர் ஒன்று செங்குத்தாக நிற்பதால் மெல்லிய நிழலோ, பளிச்சென்ற கீற்றோ தெரியும். அதற்கு மேலே கல்பரப்பின் மேல் சின்னச் சின்னக் குட்டைகள், பிறை வடிவில் நிற்கும் பனிக்கட்டி விளிம்புகள் இருந்தால் அடியில் பனி இருக்கிறது என்று பொருள். உயிரில்லாத வெறும் கல்மேட்டில் அவை இருக்காது. இரு ஓரத்திலும் கூரான கல்மேடு கரைபோல ஓடும். பனியாற்றின் எல்லை அந்த மேட்டின் முகட்டில் இல்லை. உள்பக்கம் சரிவு முடிந்து கரடுமுரடான பரப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. புதியவர்கள் முகட்டில் வரைந்துவிடுவார்கள். இரு பக்கமும் அப்படிச் செய்தால் பரப்பு கணிசமாக ஊதிவிடும்.

உயர மாதிரி (ஒவ்வொரு பிக்சலிலும் தரையின் உயரம் இருக்கிற படம்) ஒன்றைக் கூடவே திறந்துவையுங்கள். கோபர்நிக்கஸ் 30 மீட்டர் உயர மாதிரி இலவசம். அதிலிருந்து சரிவுப் படம் செய்தால் பனியாற்றின் நாக்கு சமமாகவும் பக்கச் சுவர்கள் செங்குத்தாகவும் பிரிந்து தெரியும். ஒரு விளிம்பில் ஐயம் வந்தால் இந்தப் படம் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். லேண்ட்சாட்டின் வெப்பப் பேண்டிலும், பனிக்கு மேலுள்ள கல் வெறும் கல்லைவிடக் குளிர்ச்சியாகத் தெரியலாம். ஆனால் கல் தடிமனாக இருந்தால் அந்த வேறுபாடும் மறைந்துவிடும். அதனால் அதை நான் சாட்சியாக வைத்துக்கொள்வேன், நீதிபதியாக வைக்கமாட்டேன்.

வரைந்து முடித்தபின் ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் எல்லையைத் திறந்து உங்கள் கோட்டின் மேல் போட்டுப் பாருங்கள். 2023இல் வந்த ஏழாம் பதிப்பில் உலகம் முழுக்க 2,70,000க்கு மேற்பட்ட பனியாறுகள் இருக்கின்றன; பெரும்பாலும் 2000ஆம் ஆண்டையொட்டிய நிலை. முதலிலேயே திறந்துவிட்டால் அதன் மேலேயே கோடு போடுவீர்கள், கண் பழகாது. கடைசியில் திறங்கள். வேறுபடுகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் சரி என்று நீங்களே முடிவெடுங்கள். சில இடத்தில் பட்டியல்தான் தவறாக இருக்கும்.

இன்னொரு சிக்கல், கங்கோத்ரி என்று எதைச் சொல்கிறோம் என்பது. ரக்தவர்ண, சதுரங்கி ஆகிய பனியாறுகள் ஒரு காலத்தில் கங்கோத்ரியோடு சேர்ந்த கிளைகள். இப்போது பிரிந்து கிடக்கின்றன. கீர்த்தி இன்னும் சேர்ந்திருக்கிறது. ஒரு கட்டுரை கிளைகளைச் சேர்த்துப் பரப்பு சொல்லும், இன்னொன்று விட்டுவிட்டுச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வருவது உருகிய பனி அல்ல.

எவ்வளவு பின்வாங்கியது

முகப்பை அளக்க ஒற்றைக் கோடு போடாதீர்கள். முகப்பு ஒரு பக்கம் உடைந்து இன்னொரு பக்கம் நின்றிருக்கும். பனியாறு ஓடும் திசையில் முகப்பை மூடுகிற மாதிரி ஒரு செவ்வகம் வரையுங்கள். இரண்டு ஆண்டிலும் அந்தச் செவ்வகத்துக்குள் பனியாறு அடைத்துக்கொண்டிருக்கும் பரப்பைக் கண்டு, வித்தியாசத்தைச் செவ்வகத்தின் அகலத்தால் வகுத்தால் சராசரிப் பின்வாங்கல் கிடைக்கும்.

அடுத்ததாக, இந்த விடையை எவ்வளவு நம்பலாம்? லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர். இரண்டு படத்தை ஒப்பிடும்போது பிழை, 30இன் வர்க்கத்தை இருமுறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. அதாவது 42 மீட்டர். இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில் 15 மீட்டர் பிசகு இருக்கிறது என்று வைத்தால், கூட்டி 57 மீட்டர். கங்கோத்ரியின் நீண்டகாலச் சராசரிப் பின்வாங்கல் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். போன வருடத்து லேண்ட்சாட்டையும் இந்த வருடத்து லேண்ட்சாட்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா? பத்து வருட இடைவெளி விட்டால் 200 மீட்டர் வரும்; அப்போது 57 தடுக்காது. பரப்புக்கும் இதே போலத்தான். சுற்றளவு 40 கிலோமீட்டர் என்றால், விளிம்பில் அரைப் பிக்சல் அதாவது 15 மீட்டர் ஐயத்துக்கு 0.6 சதுர கிலோமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். இந்த எண்ணை எழுதாத பனியாற்று அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போய்விடக்கூடும் என்று ஒரு வரி நுழைந்துவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லை என்று 2010 ஜனவரியில் அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. பனியாறுகள் சுருங்குவது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டி, எல்லாமே பொய் என்று சொல்ல எத்தனை பேர் கிளம்பினார்கள்!

நில அளவையில் இதைத் தொடங்கியவர்களுக்கு சாட்டிலைட் எல்லாம் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் 1935இல் நேரில் போய் கோமுக் முகப்பை வரைந்து வைத்தார். இன்றைக்கும் பின்வாங்கல் கணக்குகள் அந்த வரைபடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

முகப்பு பின்வாங்குவதும் பனி குறைவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதை வைத்து மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்ல முடியுமா? கல் மூடிய பனியாறு முகப்பில் அசையாமல் நின்றபடியே மேலிருந்து மெலிந்துகொண்டு போகும். அதை அளக்க இரண்டு காலத்து உயர மாதிரிகளைக் கழிக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயர மாதிரி ஒரு புறம், பின்னால் வந்த ஒன்று மறு புறம். எஸ்ஆர்டிஎம் ரேடார் அலை பனிக்குள் சில மீட்டர் ஊடுருவியிருக்கும் என்பதால் அதற்கும் திருத்தம் போட வேண்டும். இதை முதல் ஆறு மாதத்தில் தொட வேண்டாம்.

தொடர்ந்து கவனிப்பது

ஒருமுறை வரைந்தபின் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு படம் சேர்த்துக்கொண்டே போவது சுலபம். ஒவ்வொரு எல்லைக்கோட்டின் அட்டவணையிலும் படத்தின் முழுப் பெயர், தேதி, வரைந்தவர், கல் மூடிய பகுதியா வெறும் பனியா, எந்த வரம்பு எண் என்று ஐந்து தகவல் இருக்கட்டும். ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் தலைப்புப் பெயர் பத்து எழுத்தோடு வெட்டுப்பட்டுவிடும், ஜியோபேக்கேஜாகச் சேமியுங்கள்.

பனியாற்றின் முன்னாலுள்ள ஏரிகளையும் கூடவே வரைந்து வாருங்கள். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது, லேண்ட்சாட் படங்களில் யாரும் பார்க்கிற மாதிரி. 2023 அக்டோபர் 3 நள்ளிரவையொட்டி ஓரக் கல்மேடு சரிந்து ஏரிக்குள் விழ, கரை உடைந்து, சுங்தாங்கில் தீஸ்தா 3 அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஏரிக்கு பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்துக் கணக்கிடும் நீர்க் குறியீடு பொருந்தும். மலை நிழலும் தண்ணீர் மாதிரியே தெரியும் என்பதால் சரிவுப் படத்தில் செங்குத்தாக இருக்கும் 'ஏரி'களை நீக்கிவிடுங்கள்; தண்ணீர் சரிவில் நிற்காது. மழைக்காலத்து மேகத்தைத் தாண்டிப் பார்க்க சென்டினல் 1 ரேடார் உண்டு. டெல்டா வெள்ளத்துக்கு அது அருமையான கருவி, சமவெளி என்பதால். மலையில் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழும். அங்கே பழகிய கை வேண்டும்.

கங்கோத்ரி முடிந்தபின் அடுத்ததாக இமாசலத்தின் சோட்டா ஷிக்ரியை எடுங்கள். சுமார் 15 சதுர கிலோமீட்டர். கல் மூடிய பகுதி மிகக் குறைவு. 2002 முதல் ஆண்டுதோறும் நேரில் போய்ப் பனி நிறுவையை (சேர்ந்த பனிக்கும் இழந்த பனிக்கும் உள்ள வித்தியாசத்தை) அளந்து வெளியிடுகிறார்கள் என்பதால் உங்கள் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது. அது 78 பாகைக்கு மேற்கே, பக்கத்து யூடிஎம் மண்டலத்தில் இருப்பதால், தொடங்கும் முன் ப்ராஜெக்ட்டை ஈபிஎஸ்ஜி 32643க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.